சேரம்பூர் சாசனமும் ஊழியத்தில் டாக்டர் பட்டமும்

டாக்டர் என்றவுடன் நம் வீடுகளில் ஸ்டெதஸ்கோப்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் லத்தீன் மொழியில் அந்தச் சொல்லுக்குப் போதிக்கிறவர் என்றே பொருள். சமணர்களாகிய நாங்கள் வணங்கும் பஞ்ச பரமேட்டிகளில் நான்காமவர் உபாத்தியாயர். ஆகமத்தைக் கற்பதும் கற்பிப்பதுமே அவர் பணி. ஆகவே, கிறிஸ்தவர்களிடத்தில் ஊழியத்துக்கென்றே ஒரு டாக்டர் பட்டம் உண்டு என்பது எனக்கு அந்நியமாகப் படவில்லை. அப்படிப்பட்ட பட்டங்களை வழங்கும் அதிகாரம் நம் நாட்டில் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். விடை நம் கல்கத்தாவுக்குப் பக்கத்திலேயே, ஹூக்ளி நதிக்கரையில் சேரம்பூரில் இருந்தது.

சேரம்பூர் அன்று டென்மார்க் அரசரின் ஊர். நம் தரங்கம்பாடியும் அவருடையதுதான். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்று, 1716இல் உள்ளூர் ஊழியர்களுக்காக ஒரு பயிற்சிப் பள்ளியையும் தொடங்கினார். அந்தத் திருச்சபையில் 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன், சீர்திருத்தச் சபையின் முதல் தமிழ்ப் போதகர். அவர் கையில் பல்கலைக்கழகக் காகிதம் ஏதுமில்லை. குருவிடம் இருந்து கற்றார், அவ்வளவுதான்.

வில்லியம் கேரி இங்கிலாந்தில் செருப்புத் தைத்தவர். சுயமாகவே பல மொழிகளைக் கற்றார். கம்பெனி அரசு மிஷனரிகளை அனுமதிக்காததால் 1800இல் டேனிஷ் கொடியின் நிழலில் சேரம்பூரில் குடியேறினார். 1807இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. அவரும் மார்ஷ்மன், வார்டு ஆகியோரும் 1818இல் கல்லூரியைத் தொடங்கினார்கள். முதலில் சேர்ந்த 37 மாணவர்களில் கிறிஸ்தவர்கள் 19 பேர்தான். சாதி, நிறம், தேசம் எதுவும் தடையில்லை என்பது அங்கே விதி.

பிறகு மார்ஷ்மன் கோபன்ஹேகன் சென்று மன்னர் ஆறாம் பிரடெரிக்கிடம் முறையிட்டதன் பேரில், 1827 பிப்ரவரி 23 அன்று அரச சாசனம் கிடைத்தது. கோபன்ஹேகன், கீல் பல்கலைக்கழகங்களுக்கு ஒப்பான பட்டமளிக்கும் உரிமை அது. கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் பிறந்தது 1857இல்தான் என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள்! 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் சேரம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயரிடம் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றது. ஊர் கைமாறினாலும் கல்லூரியின் உரிமை பறிபோகாதபடி அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து எழுதி வைத்தார்கள். விற்றவர்களின் முன்யோசனை அது.

ஆனாலும் அந்த உரிமை நெடுங்காலம் பெட்டியிலேயே தூங்கியது. முதல் பி.டி. பட்டங்கள் 1915இல்தான் வழங்கப்பட்டன. 1918இல் வங்காளச் சட்டசபை சேரம்பூர் கல்லூரிச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி அமைந்த செனட்டுடன் இன்று பல சபைகளின் கல்லூரிகள் இணைந்திருக்கின்றன. பெங்களூர் யுனைட்டெட் தியாலஜிக்கல் காலேஜ், சென்னை குருகுல், மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஆகியவை அவற்றில் சில.

இனி டாக்டர் ஆஃப் மினிஸ்ட்ரி என்பதைப் பார்ப்போம். இது 1970களில் அமெரிக்க இறையியல் கல்லூரிகளில் பரவிய பட்டம். ஆராய்ச்சிக்கான முனைவர் பட்டம் வேறு, இது வேறு. முறையான கல்லூரிகளில், இறையியல் பட்டம் பெற்று, சில வருஷங்களாவது சபையில் உழைத்தவர்களையே பொதுவாகச் சேர்ப்பார்கள். வேலையை விட்டுவிட்டுப் படிக்க வேண்டியதில்லை. தன் சபையில் உள்ள ஒரு பிரச்சினையை, அதாவது குடிப்பழக்கமோ, முதியோரின் தனிமையோ, சாதிப் பிளவோ, எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு வழி செய்து பார்த்து, விளைந்ததை ஆய்வேடாக எழுத வேண்டும். பட்டறையிலேயே பரீட்சை என்று சொல்லலாம்.

இதை ஏன் இந்த மலரில் எழுதுகிறேன்? நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றில், ஊழியம் செய்யும் ஒரு பையன் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினான். ஆறே மாதத்தில் டாக்டர் பட்டம், பணத்தை மொத்தமாகக் கட்டினால் சலுகை! "ஐயா, கட்டிடலாமா?" என்று கேட்டான். தங்கைக்குச் சேர்த்து வைத்த பணம் அது. வியாபாரி பாஷையில் பதில் சொன்னேன்: "தம்பி, உரைகல்லில் தேய்க்காமல் பொன்னுக்குக் காசு கொடுப்பாயா?"

இந்த விஷயத்தில் உரைகல் சட்டம்தான். 1956ஆம் வருஷத்துப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22ஆம் பிரிவைப் பாருங்கள். சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகமோ, நிகர்நிலை அந்தஸ்து பெற்றதோ, நாடாளுமன்றம் தனியே அதிகாரம் கொடுத்ததோதான் பட்டம் தரலாம். சேரம்பூருக்கு 1827இன் சாசனமும் 1918இன் சட்டமும் பின்னால் நிற்கின்றன. விளம்பரக்காரருக்குப் பின்னால் என்ன நிற்கிறது? பையன் எழுதிக் கேட்டான், பதிலே வரவில்லை. பணம் தப்பியது.

ஆகவே பெற்றோர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளைகள் எந்த மதத்தில் எந்தப் பட்டத்துக்குப் போனாலும், எந்தச் சட்டப்படி தருகிறீர்கள், யாருடன் இணைந்திருக்கிறீர்கள், சேரத் தகுதி என்ன என்ற மூன்று கேள்விகளையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வந்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம். ஆரோனைப் போலப் பட்டமே இல்லாமல் நல்ல ஊழியம் செய்யலாம், அதில் குறைவில்லை. பொய்ப் பட்டத்தைப் போட்டுக்கொண்டு மற்றவருக்குச் சத்தியத்தைப் போதிப்பது மட்டும் எந்த மதத்துக்கும் அடுக்காது.