முயலின் குடலில் இட்ட முடிச்சு

இன்று கொல்கத்தா எனப்படும் கல்கத்தா மாநகரின் அலிப்பூர்ப் பகுதியில் பெல்வெடியர் மாளிகை உள்ளது. வங்காளத்து லெப்டினென்ட் கவர்னர்கள் முன்னாளில் வாழ்ந்த அம்மாளிகை, 1953-ஆம் ஆண்டில் தேசிய நூலகமாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை தேடிச் சேர்த்த நூல்களும் அங்கே இடம் பெற்றிருப்பது தமிழராகிய நமக்கு உவகை தருவது. அதே 1953-இல், அதே நகரத்தில், மருத்துவர் ஒருவர் முயலின் குடலில் இரண்டு முடிச்சுகள் இட்டார். நூலகம் திறந்ததை நாடே அறிந்தது. முடிச்சுகளை அறிந்தோர் மிகச் சிலரே. அவற்றின் வரலாற்றையே ஈண்டு நாம் சொல்லப் புகுகிறோம்.

வாந்திபேதி என்று நம் முன்னோர் அஞ்சிய காலராவின் கிருமியை, ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானியர் 1884-இல் கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதி செய்தார். பத்தாண்டுகள் கழித்து ஹாஃப்கின் அந்நகரத்துக் குடிசைவாசிகளுக்குத் தோலடியில் தடுப்பூசி குத்தினார். பயன் இருந்தது, ஆனால் நெடுநாள் நிலைக்கவில்லை. கிருமியின் விஷம் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதையும் தாக்குகிறது என்றே பலரும் எண்ணியிருந்த காலம் அது.

ஹூக்ளி மாவட்டத்துச் சிற்றூரில் 1915-இல் பிறந்த சம்பு நாத் டே அவ்வாறு எண்ணவில்லை. நோயாளி நீரை இழப்பது குடல் வழியே. ஆகவே குடலையே பார்ப்போம் என்றார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருமுனையிலும் நூலால் கட்டி, இடையே கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் அத்துண்டு நீர் நிறைந்து பருத்துக் கிடந்தது! 1959-இல் கிருமிகளை அறவே நீக்கிய திரவமும் அவ்வாறே செய்யும் என்று காட்டினார். 'நேச்சர்' ஏடு அதனை வெளியிட்டது. விஷம் குடலிலேயே வேலை செய்கிறது என்பது மெய்யாயிற்று. அதே ஆண்டில் பம்பாய் ஹாஃப்கின் நிலையத்தாரும் முயற்குட்டிகளைக் கொண்டு இவ்வழியே ஆராய்ந்தனர் என்பதையும் சொல்லிவிடுவதே நியாயம்.

காலராக் கிருமி குடற்சுவரைத் துளைத்து உட்புகுவதில்லை. பகைவன் வாயிலில் நிற்கையில், காவலர் அந்தப்புரத்தில் உலவி யாது பயன்? எதிர்ப்பாற்றலைக் குடலிலேயே எழுப்ப, வாய்வழித் தடுப்பு மருந்துகள் பிறந்தன. 2006-இல் அந்நகரத்துக் குடிசைப் பகுதிகளில் ஏறத்தாழ 67,000 பேரிடையே அத்தகைய மருந்தொன்று சோதிக்கப்பட்டது. ஐந்தாண்டுக் காலத்தில் அது தந்த காப்பு 65 சதவிகிதம்.

காலராவில் காவலின் பெரும்பங்கு குடலில் சுரக்கும் எதிர்ப்பொருளுக்குரியது. வேறு பல நோய்களிலோ, முன்பு கண்ட பகையை நினைவில் வைத்திருக்கும் 'டி' அணுக்கள் அப்பணியைச் செய்கின்றன. அவை இரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் மட்டுமின்றி, குடல், நுரையீரல் முதலிய உறுப்புகளிலேயே தங்கி வாழ்வதை 2001-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

டே 1973-இல் ஓய்வு பெற்றார். 1978-இல் காலரா பற்றிய நோபெல் கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. நம் நாட்டு விஞ்ஞானக் கழகம் எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை. இதனை எண்ணுந்தோறும் நாம் வெட்கமுறுகிறோம். 1990-இல் 'கரண்ட் சயின்ஸ்' ஏடு அவர் பணியைப் போற்றிச் சிறப்பிதழ் வெளியிட்டது. அப்போது அவர் மறைந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன.