லோபெரா, பிரான்சிஸ்கோ

லோபெரா, பிரான்சிஸ்கோ (1951–2024): கொலம்பிய நரம்பியல் மருத்துவர். மெடயின் நகரின் அந்தியோக்கியா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயை ஆராய்ந்தவர். நாற்பதுகளிலேயே நினைவிழந்த ஒரு நோயாளியை 1980களில் கண்ட அவர், உறவுமுறையைப் பின்தொடர்ந்து மலையூர்களில் வீடுவீடாகச் சென்றார். சில ஆயிரம் பேர் கொண்ட வம்சாவளி திரண்டது. சிலர் சூனியம் என அஞ்சிய நோய்க்குக் காரணம் பிரெசெனிலின்-1 மரபணுவின் ஒரே பிறழ்வு என 1995இல் தெரிந்தது.

இத்தகைய மரபுவழி அல்சைமர் மொத்த நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அதிலிருந்து பொதுவிதி பெற முடியுமா என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் யாருக்கு, ஏறக்குறைய எந்த வயதில் நோய் வரும் என முன்னறிய முடிந்ததால்தான், அறிகுறி தோன்றுமுன்பே மருந்தைச் சோதிக்க வழி பிறந்தது. அங்கே சோதித்த கிரெனெசுமாப் என்னும் மருந்து பலன் தரவில்லை என 2022இல் தெரிந்தது உண்மையே. எனினும் அதே குடும்பத்தில் எழுபது வயதுவரை நோயைத் தாங்கிநின்ற ஒரு பெண்ணை 2019இல் வெளியான ஆய்வு விவரித்தது: மூளையில் அல்சைமரின் அடையாளங்களான இரு புரதங்களுள் அமிலாய்டு படிவு ஏராளம், டௌ படிவோ குறைவு, அவரிடம் அபோஇ மரபணுவின் கிறைஸ்ட்சர்ச் வகை இரு பிரதிகளாக இருந்தது. பல்லாண்டு உறவும் நம்பிக்கையும் இல்லாமல் இந்த அரிய விதிவிலக்கு எவர் கண்ணிலும் பட்டிருக்காது.