கரைவதற்கென்றே ஒரு துண்டு

எங்கள் பாலசமுத்திரத்துக்குப் பெயரில்தான் சமுத்திரம். உத்தியோக காலத்தில் நான் கடலோர அலுவலகம் ஒன்றில் படகுக் கணக்குப் பார்த்தேன். வருடாவருடம் துத்தநாகத் துண்டுக்கு பில் வரும். "போன வருடம் வாங்கியது எங்கே?" என்று குறிப்பெழுதி நிறுத்தி வைத்தேன். சில மாதங்களில் டீசல் இன்ஜினின் குளிர்விப்புக் குழாய் ஓட்டையாயிற்று. மெக்கானிக் சொன்னார்: "அது கரையத்தான் சார் வைக்கிறோம். அது கரைஞ்சாத்தான் இது பிழைக்கும்."

இந்த யோசனை 1824-இல் வந்தது. சுரங்க விளக்குக்காக மட்டும் நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்திருந்த ஹம்ஃப்ரி டேவிதான் சொன்னவர். கப்பலடிச் செப்புத் தகட்டில் துத்தநாகமோ இரும்போ சேர்த்தால், உப்புநீர் முதலில் அதைத்தான் தின்னும். செம்பு பிழைத்தது. ஆனால் கரையும் செம்புதான் சிப்பியையும் பாசியையும் விரட்டி வந்தது. அரிப்பு நின்றதும் அவை ஒட்டிக்கொள்ள, கப்பல் வேகம் குறைந்தது. பிரிட்டிஷ் கடற்படை கைவிட்டது. இரும்புக் கப்பல்கள் வந்தபின் அந்த யோசனைக்கு மறுவாழ்வு.

நம் பக்கத்தில், அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில், 1953-இல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறந்தார்கள். உலோக அரிப்பு அங்கே முக்கியமான ஆராய்ச்சி.

படகு வைத்திருக்கும் உறவினர் இருந்தால் சொல்லுங்கள்: கரைக்கு வந்ததும் குழாய்களில் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவ வேண்டும். துண்டு பாதி தேய்ந்தால் மாற்ற வேண்டும். அதன்மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது.

அந்தக் குழாய்க்கான பில்லை நானே பாஸ் செய்தேன், ஒரு கேள்வியும் எழுதாமல்.