கண்டலமக் குளமும் ஒரு விடுதியும்: 1992 விவாதத்தை மீண்டும் வாசித்தல்

இலங்கையின் தம்புள்ளைக்கு அருகே, கண்டலமக் குளக்கரையில் 1994இல் திறக்கப்பட்ட விடுதி, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் மிகச் சிறந்த படைப்புகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. அது எழும்புமுன் அவ்வட்டாரத்தில் மூண்ட எதிர்ப்போ ஒரு முன்கதையாகச் சுருங்கிவிட்டது. கட்டடம் அழகாக அமைந்துவிட்டதால் எதிர்த்தவர்கள் தவறாகக் கணித்தார்கள் என்று முடிவுகட்டுவது எளிது. அம்முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

1966இல் இலங்கைச் சுற்றுலாச் சபை உருவானபின் முதலில் வளர்ந்தவை கடற்கரை விடுதிகள். பாவாவின் பெந்தோட்ட விடுதி அக்காலத்தது. 1983 ஜூலையில் தமிழர்மீது நிகழ்ந்த வன்முறை, தொடர்ந்த போர், 1987 முதல் 1989 வரை தெற்கில் நடந்த கிளர்ச்சி ஆகியவற்றால் பயணிகள் வரத்து நலிந்தது. தெற்கு அடங்கியதும் நிறுவனங்களின் பார்வை நாட்டின் உட்பகுதியிலுள்ள தொன்மைத் தலங்கள்மீது திரும்பியது. சிகிரியா 1982இலும் தம்புள்ளைக் குகைக்கோயில் 1991இலும் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்திருந்தன.

விடுதியைக் கட்ட முன்வந்த எயிட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் முதலில் எண்ணியது சிகிரியாக் குன்றை ஒட்டிய இடத்தை. பாவா அதை மறுத்து, குளத்துக்கு அப்பால் தொடுவானத்தில் சிகிரியா தெரியும் கண்டலமப் பாறைச்சரிவைக் காட்டினார். தொன்மைச் சின்னத்தை நெருங்காமல் தொலைவிலிருந்து வணங்கும் இந்த இடத்தேர்வே அவரது முதல் வடிவமைப்பு முடிவு என்பேன்.

ஆனால் தொலைவு என்பது சிகிரியாவுக்கு மட்டுமே. புதிய இடம் தம்புள்ளைக் கோயிலின் சூழலுக்குள்ளும், வயல்களுக்கு நீர் தரும் குளத்தின் விளிம்பிலும் இருந்தது. தமிழ்நாட்டார் ஏரி என்பதை ஈழத்தார் குளம் என்பர்; வறண்ட வலயத்தில் ஓர் ஊரின் பிழைப்பு குளக்கட்டையும் துருசையும் (மதகையும்) நம்பியே நடக்கிறது. ஜனாதிபதி பிரேமதாசவின் ஆட்சியின்போது, 1992இல், பௌத்தத் துறவி இனாமலுவே சுமங்கல தேரர் முன்னிற்க, பிக்குகளும் ஊர்மக்களும் சூழலியலாளர்களும் திரண்டனர். விடுதிக் கழிவு குளத்தில் கலக்குமோ, காடு அழியுமோ, புனிதத் தலத்தின் அருகே உல்லாசப் பயணம் ஊரின் வாழ்முறையைக் குலைக்குமோ என்பன அவர்களின் அச்சங்கள். கட்டடம் பார்க்க எப்படியிருக்கும் என்பது அவற்றுள் முதன்மையானதல்ல.

பாவாவின் விடையோ பெரிதும் நிலத்தையும் கண்ணையும் நோக்கியது. பாறையின் வளைவைத் தழுவி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நீண்ட கட்டடத்தைத் தூண்கள்மீது தூக்கி நிறுத்தினார். மழைநீர் அடியில் வழிந்தோட இடம் கிடைத்தது. பாறைகள் நடைவழிகளுக்குள்ளேயே விடப்பட்டன. தட்டைக் கூரையில் செடிகள் வளர்ந்தன; முகப்பின் மரச்சட்டங்களில் கொடிகள் ஏறின. குகைபோன்ற நுழைவாயிலில் இறங்கும் விருந்தினர் பாறையோரம் நடந்து திரும்பியதும் குளம் விரிகிறது. பூந்தோட்டம் அமைப்பதைவிடக் காட்டைத் திரும்பவரச் செய்வதே இங்கு நிலவடிவமைப்பு. சில ஆண்டுகளில் கட்டடம் பச்சைக்குள் அமிழ்ந்தது. கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சும் ஏற்பாடும் அமைந்தது. 2000இல் பசுமைக் கட்டடங்களுக்கான லீட் சான்றிதழ் கிடைத்தது.

இடத்தேர்வு எதிர்ப்புக்கு முந்தியது. ஆகவே எதிர்ப்பே கண்டலமவை உருவாக்கியது என்று கூறுவது மிகை. ஆனால் நீர் குறித்து விடுதி காட்டிய கவனத்தை, நீர் குறித்து ஊர் எழுப்பிய குரலிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பது என் கருத்து. கொடி மூடிய முகப்பு, கட்டடம் கண்ணை உறுத்துமா என்ற ஐயத்தைத் தீர்த்தது. பொதுக் குளத்தின் கரையில் எது எழலாம் என்பதை யாரைக் கேட்டு முடிவுசெய்வது என்ற கேள்விக்கு எந்தக் கொடியாலும் விடை சொல்ல முடியாது.

விடுதியின் புகழ்பெற்ற படங்கள் பெரும்பாலும் அறையிலிருந்து குளத்தை நோக்கி எடுக்கப்பட்டவை. குளக்கட்டின் கீழ்ப்புறத்து வயல்களிலிருந்து இவ்வரலாறு இன்னும் எழுதப்பட வேண்டும். 1992இல் இளைஞர்களாக இருந்தவர்கள் இன்று அறுபதை நெருங்குகிறார்கள். அவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்யும் வேலையை முதலில் தொடங்கலாம்.