முத்திரையின் இருவகை விலை

ஒரு பொருளின் விலையை நிருணயிப்பது யாது? உற்பத்திச் செலவா, வாங்குவோரின் வேட்கையா, பொருளின் அருமையா? பொருளியலார் இவ்வினாவுக்குப் பலவாறு விடை பகர்ந்துள்ளனர். அவ்விடைகளை ஒரே பொருளில் வைத்து ஆராய்வதற்குத் தபால் முத்திரை மிகவும் ஏற்றது. விற்பனையாகும் நாளில் அது யாவரும் வாங்கும் நுகர்பொருள்; அதன் விலை அதன் முகத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளது. பயன் தீர்ந்தபின் அது சேகரிப்போர் பொருளாகின்றது. அப்பொழுது அதன் விலை வேறு நியதிக்கு உட்படுகின்றது.

முதற்கண் முகவிலையை நோக்குவோம். 1840ஆம் ஆண்டுக்கு முன் பிரித்தானியாவிலே தபாற் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்திருந்தது. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே அதனைச் செலுத்தினர். 1837இல் ரோலண்ட் ஹில் என்பார் வெளியிட்ட சிறுநூல் இம்முறையின் குறையை எடுத்துக்காட்டியது. இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைக் கொண்டுசெல்லும் செலவு ஒரு பெனியின் சிறு கூறேயாகும். அறவிட்ட கட்டணமோ ஒரு சிலிங்குக்கும் மேற்பட்டது. கணக்கெழுதுதல், கட்டணம் தண்டுதல் ஆகியவற்றிலேயே பெருஞ்செலவு ஏற்பட்டது என அவர் நிறுவினார். இதன் விளைவாக 1840 சனவரி 10 முதல் அரை அவுன்ஸ் நிறையுள்ள கடிதத்துக்கு நாடெங்கும் ஒரு பெனியே கட்டணமாயிற்று. மே 6 முதல் 'கறுப்புப் பெனி' முத்திரை வழங்கலாயிற்று. 1839இல் ஏறக்குறைய 7.6 கோடியாக இருந்த கடிதங்கள் 1840இல் 16.9 கோடியளவாகப் பெருகின. எனினும் தபாற் பகுதியின் மொத்த வருமானம் பழைய நிலையை எய்தப் பத்தாண்டுக்கு மேற்சென்றது. ஆகவே முகவிலையை ஆக்கியவை இரண்டு: ஒன்று செலவுக் கணக்கு, மற்றொன்று இழப்பையும் பொறுத்து நின்ற அரசின் கொள்கை.

இனி, அதே முத்திரை சேகரிப்போர் கையிற் பெறும் விலையைக் காண்போம். கறுப்புப் பெனி உலகின் முதல் ஒட்டுத் தபால் முத்திரையாகும். ஆயினும் அதில் 6.8 கோடிக்கு மேல் அச்சிடப்பட்டன. கடிதத் தாளையே மடித்து அதன் புறத்தில் முத்திரையை ஒட்டியமையால், வணிகரும் வழக்கறிஞரும் பேணிய கடிதங்களோடு அவற்றுட் பல தப்பிப் பிழைத்தன. எனவே பயன்படுத்திய சாதாரணப் பிரதி அரும்பொருளன்று. நாற்புறமும் விளிம்பு குறையாத, பயன்படுத்தப்படாத பிரதியே பன்மடங்கு விலை பெறுகின்றது. முதுமை வேறு, அருமை வேறு என்பது இதனாற் பெறப்படும்.

அருமையின் உச்சத்தைப் பிரித்தானியக் கயானாவின் ஒரு சத முத்திரையிற் காணலாம். 1856இல் இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய முத்திரைகள் தாமதிக்கவே, தபாலதிபர் உள்ளூர் அச்சகத்திற் சில முத்திரைகளை அச்சிடுவித்தார். செங்கருநீலத் தாளில் அச்சிட்ட ஒரு சத முத்திரைகளுள் எஞ்சியதாக அறியப்படுவது ஒன்றே. 1873இல் வேர்னன் வோன் என்னும் 12 வயதுச் சிறுவன் அதனைக் கண்டெடுத்தான். முனைகள் வெட்டுண்டு அழகிழந்திருந்த அதனை ஆறு சிலிங்குக்கு விற்றான். பின்னர் அது பாரிஸில் வாழ்ந்த பெராரி என்னும் பெருஞ் சேகரிப்பாளரிடம் சேர்ந்தது. 1922இல் ஏறக்குறைய 35,000 டொலருக்கும், 1970இல் 2,80,000 டொலருக்கும், 1980இல் 9,35,000 டொலருக்கும், 2014இல் ஏறக்குறைய 94.8 இலட்சம் டொலருக்கும் அது ஏலத்தில் விலைபோயிற்று.

இவ்விலைவரிசை ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றது. சிறுவன் விற்ற நாளிலும் சந்தைக்கு வந்தது அவ்வொரு பிரதியே. ஏல மண்டபத்திலும் அஃதே. வழங்கல் சற்றும் மாறாதிருக்க, விலை மட்டும் ஏறியது. ஆகவே மாற்றம் முழுவதும் வேண்டுவோர் பக்கத்திலேயே நிகழ்ந்தது. அது நிகரற்ற பிரதி என்னும் அறிவு பரவியமை, செல்வமிக்க சேகரிப்பாளர் பெருகியமை, கைமாறுந்தோறும் முத்திரையின் கதை வளர்ந்தமை என்பன காரணங்களாகும். பணத்தின் மதிப்பு வீழ்ந்தமையும் ஒரு காரணமே. ஆனால் அது மட்டும் போதாது. 1970க்கும் 1980க்கும் இடையில் அமெரிக்காவிற் பொதுவிலைகள் ஏறக்குறைய இருமடங்காயின. இம்முத்திரையின் விலையோ மும்மடங்கைக் கடந்தது. பணத்தில் நம்பிக்கை குன்றிய அக்காலத்தே பலர் முத்திரைகளை முதலீடாகக் கருதி வாங்கினர். 1980க்குப்பின் அவ்வேகம் தணிய, உச்சவிலைக்கு வாங்கியோர் பலர் நட்டமடைந்தனர். ஒப்பற்ற இம்முத்திரையும் 2021இல் ஏறக்குறைய 83 இலட்சம் டொலருக்கே விற்பனையாயிற்று. ஏழாண்டில் 11 இலட்சத்துக்கு மேற்பட்ட வீழ்ச்சி இது.

இலங்கை முத்திரைகளுக்கும் இந்நியதி பொருந்தும். 1857இல் இந்நாட்டின் முதல் முத்திரை வெளிவந்தது. 1859இல் வெளியான, ஓரத்துளையற்ற, மங்கிய இளஞ்சிவப்பு நிற நான்கு பென்ஸ் முத்திரை இன்று சேகரிப்போரால் மிக உயர்வாக மதிக்கப்படுகின்றது. நல்ல நிலையில் எஞ்சியவை மிகச் சிலவே என்பதே அதற்குக் காரணம்.

நெல்வயல் விளைவு தரும். வீடு வாடகை தரும். முத்திரையோ தன்னளவில் எவ்வருவாயும் தருவதில்லை. அதன் விலை, நாளை அதனை விரும்பி வாங்குவார் ஒருவர் உளர் என்னும் நம்பிக்கையிலே நிற்பது. முகவிலைக்கு அரசின் ஆணை பிணையாகும்; சேகரிப்பு விலைக்கு மனித விருப்பமன்றி வேறு பிணையில்லை. விலை ஏறிய கதைகளை மட்டும் கேட்டுப் பொருள் சேர்ப்போர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளுதல் நன்று.