சாளர மறைப்பு

சாளர மறைப்பு என்பது, சாளரத்தினூடாகக் கட்டிடத்தினுள் வரும் ஒளி, வெப்பம் ஆகியவற்றையும், வெளியிலிருந்து உள்ளே நோக்குவோரின் பார்வையையும் கட்டுப்படுத்துவதற்காகப் பொருத்தப்படும் ஓர் அமைப்பு ஆகும். பேச்சு வழக்கிலும் வணிகத்திலும் இது பிளைண்ட்ஸ் என்று குறிப்பிடப்படுகிறது. திரைச்சீலை பெரும்பாலும் ஒளியையும் பார்வையையும் ஒன்றாகவே தடுக்கும் அல்லது ஒன்றாகவே அனுமதிக்கும். சாளர மறைப்புக்களின் சிறப்பு, பார்வையைத் தடுத்துக்கொண்டே ஒளியை உள்ளே விடக்கூடியதாக இருப்பதாகும். எனினும் எல்லா வகைகளும் இதனை ஒரே அளவில் நிறைவேற்றுவதில்லை. சாளரம் நோக்கும் திசை, எதிரே பார்ப்பவர் இருக்கும் உயரம், அறையின் பயன்பாடு என்பவற்றைப் பொறுத்தே பொருத்தமான வகை அமைகின்றது.

வரலாறு

உள்ளிருப்பவர் வெளியே பார்க்கவும், வெளியிலிருப்பவர் உள்ளே பார்க்க இயலாதிருக்கவும் வேண்டும் என்ற தேவை பல பண்பாடுகளில் தனித்தனியான தீர்வுகளைத் தோற்றுவித்துள்ளது. அரபு நாடுகளில் கடைந்த மரத்துண்டுகளால் ஆன மசுரபியா என்னும் பலகணிகளும், இந்தியாவில் கல்லில் துளைத்துச் செதுக்கப்பட்ட சாலி எனப்படும் பின்னல் தட்டிகளும் இத்தகையவை. செய்ப்பூரில் 1799 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அவா மகாலின் முகப்பு, அரச குடும்பத்துப் பெண்கள் வெளியே தெரியாமல் வீதியைப் பார்ப்பதற்காக அமைக்கப்பட்டது. சப்பானில் மூங்கிற் கீற்றுக்களாலான சுடாரே பயன்பட்டது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் திண்ணைகளிலும் தாழ்வாரங்களிலும் தொங்கவிடப்படும் மூங்கில் தட்டிகள் இவ்வகையைச் சேர்ந்தவையே.

கிடையான பட்டிகளைக் கொண்ட மறைப்பு ஐரோப்பாவில் வெனிசிய மறைப்பு என்று பெயர் பெற்றது. எனினும் இது பாரசீகத்திலிருந்து வெனிசு வணிகர் மூலம் பரவியதாகக் கருதப்படுகிறது. பட்டிகள் கொண்ட சாளரக் கதவுக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் பெர்சியன் என்னும் பெயர் பாரசீகத்தைக் குறிப்பது. அதே மொழியில் பட்டி மறைப்பைக் குறிக்கும் இன்னொரு சொல்லான சலூசி என்பதன் நேர்ப்பொருள் பொறாமை ஆகும். எட்வர்ட் பெரன் என்பவர் 1769 இல் இங்கிலாந்தில் வெனிசிய மறைப்புக்குக் காப்புரிமம் பெற்றார். பட்டிகளின் சாய்வை மாற்றி நிறுத்தும் பொறிமுறைக்கு நியூ ஓர்லியன்சைச் சேர்ந்த ஜான் ஆம்ப்சன் 1841 இல் ஐக்கிய அமெரிக்காவில் காப்புரிமம் பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மெல்லிய அலுமினியப் பட்டிகள் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தன.

தொழிற்படும் விதம்

ஓர் அறையின் உட்புறம் வெளியே தெரிவதும் தெரியாமல் இருப்பதும் இரு பக்கங்களிலும் உள்ள ஒளியின் வேறுபாட்டைப் பொறுத்தது. மெல்லிய துணியினூடாக, வெளிச்சமான பக்கத்தில் நிற்பவருக்கு இருண்ட பக்கம் தெரிவதில்லை. இருண்ட பக்கத்தில் நிற்பவருக்கு வெளிச்சமான பக்கம் தெளிவாகத் தெரியும். இதனால் பகலில் முழு மறைவு தரும் மெல்லிய துணி, இரவில் அறையில் விளக்கு ஏற்றியதும் எதிர்மாறாகத் தொழிற்படுகின்றது. உள்ளிருப்பவர் இதனை உணர்வதில்லை. அவருக்கு வெளியே இருளே தெரியும். எனவே ஒரு துணி மறைவு தருமா என்பதை இரவில் விளக்கை ஏற்றிவிட்டு வெளியிலிருந்து பார்த்தே அறியவேண்டும்.

பட்டிகள் கொண்ட மறைப்புக்களில் சாய்வுத் திசை முக்கியமானது. பட்டியின் வெளிவிளிம்பு மேலாகவும் அறைப்பக்க விளிம்பு கீழாகவும் இருந்தால், வானத்து ஒளி உள்ளே வரும். சாளரத்தின் மட்டத்திலோ அதற்குக் கீழோ நிற்பவரின் பார்வை தடைப்படும். வீதியோரத் தரைத்தளத்து அறைகளுக்கு இது ஏற்றது. ஆனால் மேலிருந்து நோக்குபவருக்கு அறையின் தரை தெரியக்கூடும். வெளிவிளிம்பு கீழாக இருந்தால், எதிரே உள்ள உயர்ந்த கட்டிடத்திலிருந்து வரும் பார்வையும் நேரடி வெயிலும் தடுக்கப்படும். நிலத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளி கூரையின் உட்புறத்தை நோக்கிச் செல்லும். கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு அறையின் கூரை மட்டுமே தெரியும். அடுக்குமாடி வீடுகளுக்கு இது பொருந்தும்.

வகைகள்

வெனிசிய மறைப்பு: கிடையான பட்டிகள் கொண்டது. 25 மிமீ, 50 மிமீ ஆகிய அகலங்கள் பொதுவானவை. அகலமான பட்டிகளுக்கிடையே இடைவெளியும் அதிகம் என்பதால் வெளிக்காட்சி தடையின்றித் தெரியும். மரம், அலுமினியம், பிவிசி ஆகியவற்றால் செய்யப்படுகின்றது. ஈரப்பதம் மிகுந்த குளியலறை, சமையலறை ஆகியவற்றில் மரப்பட்டிகள் வளையக்கூடும்.

நிலைக்குத்து மறைப்பு: பட்டிகள் மேலிருந்து கீழாகத் தொங்குவன. அகலமான சாளரங்களுக்கும் கண்ணாடிக் கதவுகளுக்கும் ஏற்றது. அலுவலகங்களில் அதிகம் காணப்படுகின்றது.

உருளை மறைப்பு: ஓர் உருளையில் சுற்றப்படும் துணி. இத்துணிகள் ஒளி முழுவதையும் தடுப்பனவாகவோ, நுண்துளைகள் கொண்டனவாகவோ இருக்கலாம். துளைகள் துணியின் பரப்பில் எத்தனை விழுக்காடு என்பது திறப்பு வீதம் எனப்படும். 1, 3, 5, 10 விழுக்காடுகள் வழமையானவை. திறப்பு வீதம் குறையுமளவுக்கு மறைவு கூடும். அடர்நிறத் துணியூடாக வெளிக்காட்சி தெளிவாகத் தெரியும். வெளிர்நிறத் துணி வெயிலை அதிகமாகத் தெறிக்கச் செய்யும்.

இரட்டைப் பட்டைத் துணி மறைப்பு: ஒளி ஊடுருவும் பட்டைகளும் ஊடுருவாத பட்டைகளும் மாறிமாறி அமைந்த இரு துணியடுக்குகளைக் கொண்டது. அடுக்குகளை நகர்த்துவதன் மூலம் ஒளி கட்டுப்படுத்தப்படுகின்றது. இது வரிக்குதிரை மறைப்பு எனவும் அழைக்கப்படும்.

தேன்கூட்டு மறைப்பு: குறுக்குவெட்டில் அறுகோண வடிவான அறைகளைக் கொண்டது. அறைகளில் அடைபட்ட காற்று வெப்பக் கடத்தலைக் குறைக்கின்றது. இவ்வகையில் மேலிருந்து கீழாகவும் திறக்கக்கூடிய மறைப்புக்கள் கிடைக்கின்றன.

தெரிவு செய்தல்

சாளரத்தின் மேற்பகுதியினூடாக வரும் ஒளியே அறையின் உட்பகுதி வரை செல்கின்றது. வழிப்போக்கரின் பார்வை பெரும்பாலும் கீழ்ப்பகுதியூடாகவே நுழைகின்றது. ஆகவே கீழ்ப்பாதியை மட்டும் மறைத்து மேற்பாதியைத் திறந்து விடுவது, ஒளியை அதிகம் இழக்காமல் மறைவைப் பெறுவதற்கான எளிய வழியாகும். மேலிருந்து திறக்கும் மறைப்புக்களும், கீழ்ப்பாதியில் பனிக்கண்ணாடி இடுவதும் இதே அடிப்படையிலானவை.

கிழக்கு, மேற்குச் சாளரங்களில் காலை மாலை வெயில் தாழ்வாக விழுவதால் கிடைப்பட்டிகளை ஏறக்குறைய முழுவதும் மூடவேண்டி வரும். இவற்றுக்கு நிலைக்குத்துப் பட்டிகள் கூடுதலாகப் பயன்படும். நண்பகல் உயரத்திலிருந்து வரும் வெயிலுக்குக் கிடைப்பட்டிகள் சிறந்தவை. மித வெப்ப மண்டலத்து வட நாடுகளுக்காக எழுதப்பட்ட நூல்கள் வடக்குச் சாளரத்தில் நேரடி வெயில் மிகக் குறைவு எனக் கூறுவது வழக்கம். வெப்பவலயப் பகுதிகளுக்கு இது முழுமையாகப் பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகத்து நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கின்றது.

வெப்பத்தைத் தடுப்பதே முதன்மை நோக்கமாயின், மறைப்பைச் சாளரத்தின் வெளியே அமைப்பது சிறந்தது. உட்புற மறைப்பில் வெயில் முதலில் கண்ணாடியைக் கடந்துவிடுகின்றது. மறைப்பு உறிஞ்சும் வெப்பத்தின் பெரும்பகுதி அறையிலேயே தங்கிவிடும். வெளிப்புறத் தட்டியோ கூரை நீட்டமோ வெயிலைக் கண்ணாடியை அடையுமுன்பே தடுக்கின்றது. எனினும் வெளிப்புற மறைப்புக்கள் காற்றையும் மழையையும் தாங்கவேண்டும்.

படுக்கையறைகளில், பகலுக்கு மெல்லிய துணியும் இரவுக்கு ஒளிபுகாத் துணியுமாக இரு மறைப்புக்கள் பொருத்தப்படுவதுண்டு. கணினித் திரைகள் உள்ள இடங்களில் கண்கூச்சத்தைத் தவிர்ப்பதற்குத் திறப்பு வீதம் குறைந்த துணி பயன்படும்.

பாதுகாப்பு

சாளர மறைப்புக்களை இயக்கும் கயிறுகளும் மணிச்சங்கிலி வளையங்களும் சிறு குழந்தைகளின் கழுத்தில் சுற்றி உயிரிழப்பை ஏற்படுத்தியுள்ளன. தொங்கும் கயிறு மட்டுமன்றி, பட்டிகளுக்கிடையிலும் துணியின் பின்புறத்திலும் செல்லும் உட்கயிறுகளும் ஆபத்தானவை. இவ்விபத்து ஓசையின்றியும் சில நிமிடங்களுக்குள்ளும் நிகழ்வதால், பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதும் நேர்ந்துவிடுகின்றது. 2009 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 5 கோடி மறைப்புக்கள் திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. அந்நாட்டில் 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிற்றுறைத் தரம், கடைகளில் ஆயத்தமாக விற்கப்படும் மறைப்புக்கள் கயிறு இல்லாதனவாகவோ எட்டாத கயிறு கொண்டனவாகவோ இருக்கவேண்டும் என விதித்தது.

குழந்தைகள் உள்ள வீடுகளில் கயிறில்லா மறைப்புக்களே பாதுகாப்பானவை. பழைய மறைப்புக்களை உடனே மாற்ற இயலாதவிடத்து, கயிற்று வளையத்தைச் சுவரில் இறுக்கமாகப் பொருத்துதல், கயிற்றை எட்டாத உயரத்தில் சுற்றி வைத்தல், தொட்டில், கட்டில், நாற்காலி ஆகியவற்றைச் சாளரத்திலிருந்து விலக்கி வைத்தல் என்பன பரிந்துரைக்கப்படுகின்றன.

1996 இல் ஐக்கிய அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், இறக்குமதி செய்யப்பட்ட சில பிவிசி மறைப்புக்களில் ஈயம் இருப்பதாக எச்சரித்தது. வெயிலாலும் வெப்பத்தாலும் பிவிசி சிதையும்போது ஈயம் கலந்த தூசி பட்டிகளின் மேற்பரப்பில் படிவதே இதற்குக் காரணமாகும். அதன் பின்னர் ஈயம் சேர்க்காத பிவிசி மறைப்புக்கள் சந்தைக்கு வந்தன.

இவற்றையும் பார்க்கவும்

சாளரம்
திரைச்சீலை
மசுரபியா
பகலொளி