காற்றைப் பிடித்து நீரிலும் பனியிலும் ஓடலாம்: கைட்போர்டிங் பழகத் தொடங்குவோர் அறிய வேண்டியவை

2024 ஆகஸ்டு 9, சிங்கப்பூரின் தேசிய தினம். அன்றுதான் பாரிஸ் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் நடந்த மார்செய் கடலில், 17 வயது மேக்சிமிலியன் மேடர் வெண்கலப் பதக்கம் வென்றார். முதல் நாளே முடிய வேண்டிய ஆட்டம், போதிய காற்று இல்லாமல் மறுநாளுக்குத் தள்ளிப்போயிருந்தது. சிங்கப்பூருக்குப் பாய்மரப் போட்டியில் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. நாட்டின் ஆக இளைய ஒலிம்பிக் பதக்க வீரரும் அவரே.

அவர் பங்கேற்ற ‘ஃபார்முலா கைட்’ பிரிவு ஒலிம்பிக்கில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. அதற்குப் பிறகு “இதை நம் பிள்ளைகளும் பழகலாமா, எங்கே தொடங்குவது?” என்ற கேள்வி பலருக்கு எழுந்தது. பழகலாம். ஆனால் பழகும் முறை தெரியாமல் காற்றோடு விளையாடினால் உயிருக்கே ஆபத்து.

பட்டம் இழுக்க, பலகை ஓட

கைட்போர்டிங் என்பது பெரிய பட்டம் ஒன்றின் இழுவிசையில், காலில் கட்டிய பலகை மீது நின்று சறுக்கும் விளையாட்டு. பட்டத்தை ஏறத்தாழ 20 முதல் 24 மீட்டர் நீளமுள்ள நான்கைந்து கயிறுகள் ஒரு கைப்பிடிக் கம்போடு இணைக்கின்றன. அந்தக் கம்பு, இடுப்பில் அணியும் வாரில் கொக்கி போட்டு மாட்டப்படும். ஆகவே பட்டத்தின் பாரத்தைத் தாங்குவது கையல்ல, இடுப்புதான். கம்பை இழுத்தால் வேகம் கூடும், தள்ளினால் குறையும். இடப்பக்கம் இழுத்தால் பட்டம் இடப்பக்கம் திரும்பும்.

பட்டத்தால் வண்டி இழுக்கும் எண்ணம் புதிதல்ல. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போகாக், பட்டம் இழுக்கும் வண்டிக்கு 1826இல் காப்புரிமை பெற்றார். 1903இல் சாமுவேல் கோடி, பட்டம் இழுத்த சிறு படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். ஆனால் கடலில் விழுந்த பட்டத்தை மீண்டும் எழுப்புவது எப்படி என்பது நெடுநாள் சிக்கலாகவே இருந்தது. பிரான்சைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் லெகெஞ்ஞு சகோதரர்கள் அதற்கு விடை கண்டனர். முன்விளிம்பில் காற்றடைத்த குழாய் உள்ள பட்டத்துக்கு அவர்கள் 1984இல் காப்புரிமை கோரினர். அந்தப் பட்டம் நீரில் மூழ்காது. விழுந்த இடத்திலிருந்தே மறுபடி ஏறும். 1990களின் பிற்பகுதியில் இந்த விளையாட்டு உலகெங்கும் பரவ அதுவே காரணமானது.

முதலில் காற்றைப் படிக்க வேண்டும்

காற்று முதுகில் படும்படி நிற்பதாக வைத்துக்கொள்வோம். எதிரே ஒரு பெரிய கடிகாரம். தலைக்கு நேர் மேலே 12 மணி, இடக்கைப் பக்கம் 9 மணி, வலக்கைப் பக்கம் 3 மணி. இந்த ஓரங்களில் பட்டம் நிற்கும்போது இழுப்பு குறைவு. கடிகாரத்தின் நடுவே அது பாயும்போதுதான் முழு பலமும் வரும். புதியவர்கள் தூக்கியெறியப்படுவது பெரும்பாலும் தெரியாமல் பட்டத்தை நடுவே விட்டுவிடும் வேளையில்தான்.

இன்னொரு கணக்கும் மனத்தில் இருக்க வேண்டும். காற்றின் வேகம் இரு மடங்கானால் இழுவிசை இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. 10 நாட்டில் சாதுவாக இருக்கும் பட்டம் 20 நாட்டில் வேறு பிறவி எடுத்துவிடும். தொடக்கநிலையினருக்கு 12 முதல் 18 நாட் வரை, அதாவது மணிக்குச் சுமார் 22 முதல் 33 கிலோமீட்டர் வேகத்தில், சீராக வீசும் காற்றே ஏற்றது.

வேகத்தைவிடத் திசை முக்கியம். கரையை ஒட்டிப் பக்கவாட்டிலோ, சற்றுக் கரையை நோக்கிச் சாய்வாகவோ வீசும் காற்று நல்லது. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் இறங்கவே கூடாது. ஏதேனும் பழுதானால் அது ஆளை ஆழ்கடலுக்குக் கொண்டுபோய்விடும்.

நீரில் பழகும் படிகள்

1. தரையில் 2 அல்லது 3 சதுர மீட்டர் அளவுள்ள சிறிய பயிற்சிப் பட்டத்தைப் பறக்கவிடப் பழகுதல். கையைப் பார்க்காமல் பட்டத்தைத் திருப்பும் பழக்கம் இங்கேதான் வரும்.

2. பாதுகாப்பு விடுவிப்பை மனப்பாடமாக்குதல். முதலில் கம்பைக் கைவிட வேண்டும்; பட்டம் பெரும்பகுதி பலத்தை இழக்கும். அது போதாவிட்டால் கொக்கியின் அவசர விடுவிப்பைத் தள்ள வேண்டும். பட்டம் ஒற்றைக் கயிற்றில் துணிபோல் துவண்டுவிடும். அதற்கும் அடங்காவிட்டால் அந்தக் கயிற்றையும் கழற்றிப் பட்டத்தையே விட்டுவிட வேண்டும்.

3. பலகை இல்லாமல், பட்டம் இழுக்கத் தண்ணீரில் மிதந்து செல்லுதல். பலகை கைநழுவிப் போனால் அதைத் தேடிப் பிடிக்கவும் இந்தப் பயிற்சியே உதவும்.

4. பலகையில் காலை மாட்டி, பட்டத்தைத் தாழ வீசி எழுந்து நிற்றல். பலரும் ஆக அதிகம் விழுவது இந்தப் படியில்தான்.

5. காற்றுக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்து ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்புதல். இது கைகூடிய பிறகே ஒருவர் தனியாகப் பழகத் தகுதி பெறுகிறார்.

ஐந்தாம் படியை எட்டப் பல நாள் பழக வேண்டியிருக்கலாம். ஆனால் முதல் நான்கு படிகளுக்குப் பயிற்றுநரோடு பொதுவாக 8 முதல் 12 மணி நேரம் தேவைப்படும். அதை மூன்று நான்கு நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. நீந்தத் தெரியாதவர் முதலில் நீச்சல் வகுப்பில் சேர வேண்டும். மிதவை அங்கியை மட்டும் நம்பி இறங்குவது சரியல்ல.

பனியில் பழகுவது எளிதா?

பனியில் பலகை மூழ்காது. நீரிலிருந்து எழுந்து நிற்கும் சிரமமும் இல்லை. விழுந்தால் எழுந்து நிதானமாகக் கயிற்றைச் சரிசெய்யலாம். ஆகவே பனிச்சறுக்கு முன்பே தெரிந்தவர்கள் இதை விரைவாகப் பிடித்துக்கொள்கின்றனர். நீரில் பயன்படும் காற்றடைத்த பட்டத்துக்குப் பதிலாக, பாராசூட் போல அறை அறையாகத் தைத்த துணிப் பட்டத்தைப் பனியில் பலர் விரும்புகின்றனர். பம்ப் தேவையில்லை, மடித்துப் பையில் போட்டுவிடலாம்.

எச்சரிக்கையும் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது. மைனஸ் 20 பாகை செல்சியசில் காற்றின் அடர்த்தி, நம்மூர் 30 பாகை வெப்பத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகம். பனியில் உராய்வும் குறைவு. எனவே நீரில் பயன்படுத்துவதைவிடச் சிறிய பட்டமே போதும். கீழே இருப்பது தண்ணீரல்ல, கெட்டித் தரை என்பதால் தலைக்கவசம் கட்டாயம். உறைந்த ஏரியில் பனிக்கட்டியின் கனத்தையும், மலைச்சரிவில் பனிச்சரிவு எச்சரிக்கையையும் உள்ளூர்க்காரர்களிடம் கேட்டறிய வேண்டும்.

நார்வேயின் ஹார்டங்கர்விட்டா பீடபூமி இதற்குப் பெயர் பெற்ற இடம். மரமில்லாத பரந்த வெண்பரப்பு அது. சுவிட்சர்லாந்தின் சில்வாப்லானா ஏரியில் கோடையில் நீர் மீதும், குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் பனி மீதும் பட்டங்கள் ஓடுகின்றன. நார்வேஜியர் போர்கே ஊஸ்லாண்ட், 1996 நவம்பரில் புறப்பட்டு 64 நாளில் அண்டார்க்டிகாவைத் தனியாளாகக் கடந்தபோது அவருக்குக் கைகொடுத்ததும் காற்றை அள்ளும் பாய்தான்.

நமக்கு அருகில்

தீபகற்ப மலேசியாவின் கிழக்குக் கரையில், குவாந்தானுக்கு அருகிலுள்ள பாலோக் கடற்கரை காற்று விளையாட்டுகளுக்கு அறிமுகமானது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று இங்கு வலுவாக வீசும். ஆனால் அதே காலத்தில்தான் அலையும் நீரோட்டமும் கடுமையாகும். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது. வியட்நாமின் முய் நே, பிலிப்பீன்ஸின் போராக்காய் ஆகியவற்றுக்கும் ஏறக்குறைய இதே பருவம்தான். தென்மேற்குப் பருவக்காற்றை நாடுவோர் மே முதல் அக்டோபர் வரை இலங்கையின் கற்பிட்டிக்குச் செல்லலாம். கடலை ஒட்டிய களப்பு நீர் புதியவர்களுக்கு வசதி. தமிழ் பேசும் ஊர் என்பது கூடுதல் ஆறுதல்.

மேற்குக் கரையிலும் சிங்கப்பூரிலும் இருப்போர் ‘சுமத்ரா’ புயற்காற்றைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும், மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் இந்த மழைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். தொலைவில் கருமேகச் சுவர் தெரிந்தாலே பட்டத்தை இறக்கிவிட வேண்டும். மழை வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

செலவும் கவனமும்

பட்டம், கம்பு, வார், பலகை எல்லாம் புதிதாக வாங்கினால் நல்ல மோட்டார் சைக்கிள் ஒன்றின் விலையை எட்டிவிடும். ஆகவே முதலில் வாங்க வேண்டியது பயிற்சி வகுப்பு மட்டுமே. வகுப்புக் கட்டணத்தில் கருவிகளும் அடங்குமா, அனைத்துலகக் கைட்போர்டிங் அமைப்பான ஐகேஓவின் சான்றிதழ் பயிற்றுநரிடம் உண்டா, ஒருவர் எத்தனை பேருக்குக் கற்றுத்தருகிறார், மீட்புப் படகு இருக்கிறதா என்று கேட்டே பணம் கட்ட வேண்டும். பயணக் காப்புறுதி இந்த விளையாட்டை உள்ளடக்குகிறதா என்பதையும் பார்ப்பது நலம்.

பழைய பட்டத்தை மலிவாக வாங்குவோர் அவசர விடுவிப்புக் கருவி சரியாக இயங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வயதைவிட உடல் எடையே கணக்கு. பெரியவரின் பட்டம் மெலிந்த சிறுவனை எளிதில் தூக்கிவிடும். காற்று போகும் திசையில் பாறை, மரம், மின்கம்பி, ஆட்கள் எதுவும் கயிற்றின் நீளத்தைப் போல் இரு மடங்கு தூரத்துக்குள் இருக்கக் கூடாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது.

தோட்டத்துத் திடலில் ஈர்க்கும் தாளும் ஒட்டிப் பட்டம் விட்ட தலைமுறைக்கு ஒரு பழக்கம் கைவந்திருக்கும்: காற்று பிடுங்கினால் நூலை இறுக்கிப் பிடிப்பது. இந்த விளையாட்டில் மறக்க வேண்டிய பழக்கம் அதுதான். பட்டம் கட்டுக்கடங்காமல் இழுக்கும் நொடியில் பயந்து கம்பை இறுகப் பற்றுபவரையே அது மேலும் தூக்கிச் செல்கிறது. கையை விட்டவர் பிழைத்துக்கொள்கிறார். பட்டம் போனால் இன்னொன்று வாங்கலாம். முதல் நாள் வகுப்பில் பிள்ளையைக் கொண்டுவிடும் பெற்றோர், அவன் எவ்வளவு தூரம் ஓடினான் என்று கேட்பதற்கு முன், கம்பை விடப் பழகிவிட்டானா என்று பயிற்றுநரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.